செவ்வாய், எட்டு நிமிசம்

காலை எட்டேகாலுக்குக் கருவி கத்தியது,
பாலை மரத்துக்கும் தூர்ந்த கிணற்றுக்கும் நடுவே
என் பாதையின் பதினேழாவது மீட்டரில்.
ஆணிக்குக் கத்துகிற கத்தல் இல்லை.
நீளமாய், வயிறு நிறைந்த ஒலி.

குப்புறப் படுத்தேன்.
குத்தூசியைச் சரித்து
மண்ணிடம் கேட்டுக் கேட்டு உள்ளே விட்டேன்.
தூரிகை. விரல். திரும்பவும் தூரிகை.
முகக் கண்ணாடிக்குள் என் மூச்சே புழுக்கம்.
ஒரு மணித்தியாலத்தில் ஒரு விளிம்பு:
துருவேறி, வளைந்து,
சோற்றுத் தட்டளவு வட்டம்.
டாங்கிக்கு வைக்கிறது.

கையை உயர்த்த விசில் ஊதினார்கள்.
எல்லாரும் பின்னுக்குப் போக
செபமாலைநாதன் அண்ணை மட்டும் ஊர்ந்து வந்தார்.
பார்த்தார். கனநேரம் பார்த்தார்.
"பிள்ளை, இதில ஏதோ எழுதிக் கிடக்கு."
காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரர்.
அதில் நீலப் பேனை, பாதி கரைந்து:
செவ்வாய். எட்டு நிமிசம். முடிவு இல்லை.

ஒலுமடுவில் அந்த வளவுக்காரர் அரியரத்தினம்,
நீர்ப்பம்பி திருத்துகிறவர்.
முகாமால் வந்து றோட்டோரத் தறப்பாளில் இருந்தார்.
"பதினொண்டு தாட்டனான்" என்றார்,
நகை தாட்டவர்கள் சொல்கிற மாதிரிக் குரலைத் தாழ்த்தி.
"எல்லாம் விண்வெளிப் படம்.
வேற படம் நான் சேக்கிறேல்லை."

சமாதான காலத்தில் ஜேர்மனி மச்சான்
பழைய சாமான் சந்தையில் பொறுக்கி அனுப்பியவை.
முழுப்படம் விலை; இவை சுருக்கின றீல்கள்,
எட்டு மில்லிமீட்டர், ஊமை.
ஓமந்தைச் சாவடியில் ஒரு சிப்பாய்
றீலை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு
இந்த ராக்கெட் எங்கே இருக்கிறதென்று கேட்டானாம்.
"சந்திரனில எண்டன். பெயரையும் எழுதினவன்."

இரண்டு கிழமையில் ஒன்பது தகரம் எடுத்தோம்.
ஒவ்வொன்றையும் கண்ணியென்று நினைத்தே எடுத்தோம்.
அப்படித்தான் எடுக்க வேணும்.
ஐந்தாவதுக்குப் பிறகு வந்தது
தகரம் இல்லை.

ஒரு சனி இரவு எங்களைப் படத்துக்குக் கூப்பிட்டார்.
அவருடைய மெஷின் விசுவமடுவோடு போய்விட்டது.
பல்பை மட்டும் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்து
கடற்கரை வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தவர்.
"சோத்துப் பானையை விட்டிட்டு வந்த மனிசன்"
என்றா அவர் மனைவி, சிரிக்காமல்.
இந்த மெஷின் மன்னாரில் ஒரு சுவாமியாரின் அலுமாரியில் கிடந்தது.
மோட்டருக்கு உயிர் இல்லை, கையால் சுற்றினார்.
வெளிச்சம் லான்ட்மாஸ்டர் பற்றரியில்.
புளித்த வினாகிரி மணம்.

நிறமெல்லாம் போய் ஒரே சிவப்பு.
பூமியும் சிவப்பு, செவ்வாயும் சிவப்பு,
தறப்பாளின் கீழ் ஓரத்தில் எங்கள் மண்ணும்.
பூஞ்சணம் தின்ற இடங்களில்
படம் எடுத்தவன் வைக்காத நட்சத்திரங்கள்.

ஏணியால் இறங்கினான் ஒருவன்.
தலைக்கவசம், முகக் கண்ணாடி, கனத்த உடுப்பு.
ஒரு தடியால் மண்ணைக் குத்திப் பார்த்தான்.
"அடியே, அது நீ!" என்று கத்தினாள் நிறைமதி.
ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.
கவசத்தைக் கழற்றினான்.
"வேலை போச்சு" என்றார் செபமாலைநாதன் அண்ணை.

பிறகு பாறைக்குப் பின்னால் ஏதோ அசைந்தது.
பல கண், பல கால்.
அவன் திரும்பி ஓடத் தொடங்கினான்,
நிலத்தைப் பாராமல்,
குறுக்காலே, கண்டபடி.
எங்கள் சிரிப்பு நின்றது.
"காலைப் பார்" என்றேன்.
நிறைமதியும் சொன்னாள். "காலைப் பாரடா."
அந்தப் பூதத்தை ஒருத்தியும் பார்க்கவில்லை.
அவன் சப்பாத்து படுகிற ஒவ்வோர் இடத்தையும்
பார்த்துக்கொண்டிருந்தோம்.

றீல் முடிந்து வெள்ளை விழுந்தது.
விட்டில்கள் வந்து அதில் நடித்தன.

"மிச்சம் இரண்டாம் றீலில.
கிடைக்காத ரெண்டில அது ஒண்டு."
எங்கே தாட்டனீங்கள் என்று கேட்டேன்.
சிவப்புத் தலைத் தடிகளுக்கு அப்பால்
இருட்டைக் காட்டினார்.
"வீரை மரத்தடி. இல்லாட்டி அதுக்கு அங்கால."

தைக்குப் பிறகுதான் அந்தப் பக்கம் வருவோம் என்றேன்.
தலையாட்டினார்.
பல்பு சூடாறும் வரை
துணியை மடியில் விரித்து வைத்தபடி இருந்தார்.